போதகர் கையில் வாள் எதற்கு? ஸ்விங்லியின் கதை

கேட்கப்பட்டது இதுதான்: "சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து ஸ்விங்லி, ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் சீடர்களில் ஒருவர்தானே? வேதம் போதிக்கிற மனிதர் வாளும் தலைக்கவசமுமாகப் போர்க்களத்தில் செத்துக் கிடந்தார் என்று படித்தேன். அங்கே அவருக்கு என்ன வேலை?"

முதல் கேள்விக்கு ஸ்விங்லியே பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் லூதர் என்ற பெயரை யாரும் கேள்விப்படுவதற்கு முன்பே, 1516லேயே, நான் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டேன் என்பது அவர் வாதம். இதில் கொஞ்சம் தற்பெருமை உண்டு. லூதரின் புத்தகங்களை அவர் வாங்கினார், படித்தார், மற்றவர்களையும் படிக்கச் சொன்னார். ஆனால் சீடர் என்று சொல்ல முடியாது. லூதர் துறவு மடத்திலிருந்து வந்தவர். பாவியான நான் கடவுள் முன் எப்படி நிற்பேன் என்பது அவரைத் தூங்கவிடாத கவலை. ஸ்விங்லி ஊர்த்தலைவர் வீட்டுப் பிள்ளை. இந்த ஊர் எப்படி உருப்படும் என்பதுதான் அவருக்குக் கவலை. இரண்டாவது கேள்விக்கான பதிலும் இங்கேதான் தொடங்குகிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

1484 ஜனவரி 1, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வில்ட்ஹவுஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். லூதரைவிட ஏழு வாரம் இளையவர். அப்பாவிடம் நிலமும் மாடும் இருந்தன, ஊர்த்தலைவர் பொறுப்பும் இருந்தது. சித்தப்பா ஒருவர் குருவானவர். பையனின் படிப்பைத் தொடங்கிவைத்தது அவர்தான். பெர்ன் நகரத்தில் படித்தபோது, பையனின் இசைஞானத்தைப் பார்த்த டொமினிக்கன் துறவிகள் அவனைத் தங்கள் மடத்துக்கு இழுக்கப் பார்த்தார்கள். அப்பா சம்மதிக்காமல் வெளியே கொண்டுவந்துவிட்டார். பிறகு வியன்னா, பாசல் பல்கலைக்கழகங்கள். 1506ல் முதுகலைப் பட்டம், அதே ஆண்டு கிளாருஸ் என்ற ஊரில் பங்குக் குருவானவர் வேலை.

அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய விஷயம் கண்ணில் பட்டது: கூலிப்படை. இன்றைக்குச் சுவிட்சர்லாந்து என்றால் வங்கி, கைக்கடிகாரம், சாக்லேட். அன்றைக்கு அந்த மலைநாடு ஏற்றுமதி செய்தது மனிதர்களை. போப்பாண்டவர், பிரெஞ்சு மன்னர், மிலான் பிரபு என்று யார் காசு கொடுத்தாலும் ஈட்டி தூக்கிப் போவார்கள் மலையூர் இளைஞர்கள். ஆள்பிடித்துக் கொடுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் படிப்பணம் வரும். கிளாருஸ் படையோடு குருவானவராக ஸ்விங்லியும் இத்தாலிக்குப் போனார். 1513ல் நோவாரா, வெற்றி. 1515 செப்டம்பரில் மரிஞ்ஞானோ. இரண்டே நாளில் பிரெஞ்சுப் பீரங்கிகளின் முன் ஆயிரக்கணக்கான சுவிஸ் வீரர்கள் சரிந்தார்கள். தன் பங்கு இளைஞர்களுக்கு அவரே கடைசி ஜெபமும் சொல்ல வேண்டியிருந்தது. கூலிப்படைக்கு எதிராக அவர் வாய் திறந்ததும் ஊரில் பிரெஞ்சுப் பணம் வாங்கியவர்கள் விடுவார்களா? 1516ல் ஐன்சீடல்ன் என்ற யாத்திரைத் தலத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பணத்தைத் திட்டிய இதே மனிதர் போப்பாண்டவரிடமிருந்து ஆண்டுக்கு 50 கில்டர் வாங்கிக்கொண்டிருந்தார். 1520 வாக்கில்தான் அதை விட்டார். அதன் பிறகு கர்தினால்களைப் பற்றி அவர் பேசியது புகழ்பெற்றது: இவர்கள் சிவப்புத் தொப்பியும் சிவப்பு அங்கியும் போடுவது பொருத்தம்தான், உதறினால் தங்கக் காசு விழும், பிழிந்தால் உங்கள் மகனின், அண்ணன் தம்பியின் ரத்தம் ஒழுகும்.

ஐன்சீடல்னில் ஓய்வு கிடைத்தது. அறிஞர் எராஸ்மஸ் 1516ல் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு வெளிவந்திருந்த நேரம். பவுலின் நிருபங்களைக் கிரேக்கத்திலேயே தன் கையால் முழுக்கப் படியெடுத்தார். ஓரத்தில் குறிப்புகளோடு அந்தக் கையெழுத்துப் படி இன்றும் சூரிச் நூலகத்தில் இருக்கிறது.

1518 கடைசியில் சூரிச்சின் பெரிய கோவிலான குரோஸ்மியூன்ஸ்டருக்குப் போதகர் தேவைப்பட்டது. ஸ்விங்லியின் பெயர் வந்ததுமே ஒரு வதந்தியும் கூடவே வந்தது: ஐன்சீடல்னில் ஒரு பெண்ணோடு உறவு. அவர் மறுக்கவில்லை. நடந்தது உண்மை, பெண் நாவிதர் மகள், பிரம்மசரியம் காக்க உறுதி எடுத்து ஓராண்டுக்கு மேல் தாங்கவில்லை என்று கடிதம் எழுதினார். படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். தன் தவறை ஒப்புக்கொள்கிறவர் அந்தப் பெண்ணின் மேலும் பாதிப் பழியைப் போடுகிறார். ஆனாலும் வேலை கிடைத்தது. எதிர்த்து நின்றவருக்கு ஆறு பிள்ளைகள் என்ற பேச்சு ஊரில் இருந்ததும் ஒரு காரணம்.

1519 ஜனவரி 1, தன் 35ஆம் பிறந்தநாளன்று, பிரசங்க மேடை ஏறினார். அந்தந்த ஞாயிற்றுக்கு என்று திருச்சபை ஒதுக்கிய வாசகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மத்தேயு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாக எடுத்துப் பேசினார். கேட்டவர்களுக்கு இது புதுசு. தொடர்கதை மாதிரி அடுத்து என்ன என்று வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே கொள்ளைநோய். மலையில் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தவர், கேள்விப்பட்டு நகரத்துக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்க்கப் போனார். அவருக்கும் தொற்றியது. செத்துவிட்டார் என்றே வெளியூரில் செய்தி பரவியது. பிழைத்தார், அதைப் பற்றி ஒரு பாட்டும் எழுதினார். அவர் தம்பி அந்த நோயில் போய்விட்டான்.

இப்போது சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்தின் கதை. லூதரின் சீர்திருத்தம் விட்டன்பெர்க்கில் 95 வாக்கியங்களோடு தொடங்கியது என்றால், சூரிச்சில் அது தொடங்கியது சமையலறையில்.

1522 மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனம், இறைச்சி கூடாது. இது வெறும் கோவில் ஒழுக்கமல்ல, மீறினால் நகரமன்றம் தண்டிக்கும் சட்டம். அச்சுக்கூடக்காரர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். அன்றைய பலகாரம் ஏதோ எண்ணெயில் பொரித்தது; அது முடிந்ததும் புகைபோட்ட சாசேஜ் இரண்டை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். வாய்க்குள் போனது விரல்நுனி அளவுதான். ஸ்விங்லியும் அங்கே இருந்தார்; அவர் மட்டும் சாப்பிடவில்லை. ஏன் என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது: குற்றவாளியாக நிற்பதைவிட வக்கீலாக நின்றால்தான் இந்த வழக்கு ஜெயிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

செய்தி வெளியே கசிந்தது, விசாரணை வந்தது. ஃப்ரோஷவர் சொன்ன பதில் எந்தச் சிவகாசி அச்சகக்காரருக்கும் புரியும்: பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும், ராப்பகலாக, விடுமுறை நாளிலும் ஆட்கள் உழைக்கிறார்கள், வெறும் கஞ்சியில் உடம்பு தாங்காது, தினமும் மீன் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு வாரத்தில் ஸ்விங்லி மேடையில் இதைக் கையில் எடுத்தார். உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பம். விரதம் இருப்பவர் இருக்கட்டும், ஆனால் வேதம் விதிக்காத விரதத்தை மனிதர் மேல் சுமத்தத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை. ஏப்ரலில் அது சிறுநூலாக அச்சாகி வந்தது.

சூரிச் கோவில்களுக்கு மேலதிகாரியான கொன்ஸ்தான்ஸ் நகர ஆயர் கொதித்தார். இங்கேதான் லூதர் கதையும் இவர் கதையும் பிரிகின்றன. லூதர் பேரரசர் முன் தனியாளாக நின்றார். ஸ்விங்லி தன் ஊர் நகரமன்றத்தின் முன் போய் நின்றார். சூரிச்சில் அப்போது மக்கள் தொகை ஆறேழாயிரம்தான். அதை ஆண்டது தச்சர், நெசவாளர், இறைச்சிக்காரர், வணிகர் என்று தொழிற்குழுக்களிலிருந்து வந்த மன்றம். 1523 ஜனவரி 29 அன்று நகர மண்டபத்தில் சுமார் 600 பேர் கூட, விவாதம் நடந்தது. ஸ்விங்லி 67 கருத்துகளை எழுதி வைத்தார். மேசையில் எபிரேயம், கிரேக்கம், லத்தீன் வேதங்கள். பேச்சு முழுக்க ஜெர்மனில், ஆகவே செருப்புத் தைக்கிறவருக்கும் புரிந்தது. ஆயர் அனுப்பிய ஃபாபர் இது திருச்சபையின் பொதுச்சங்கம் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லிப் பார்த்தார். வேதத்திலிருந்து யாரும் மறுத்துக் காட்டவில்லை, எனவே ஸ்விங்லி தொடர்ந்து போதிக்கலாம் என்று மன்றம் அன்றைக்கே தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: இறையியல் வழக்குக்கு நீதிபதி மாநகராட்சி! அவருடைய வெற்றியும் அதுதான், பின்னால் வந்த வினையும் அதுதான்.

அதன்பின் நடந்தவை அடுக்கடுக்காக நடந்தன. 1524 கோடையில் கோவில்களிலிருந்து சொரூபங்களை அகற்ற உத்தரவு வந்தது. அது கலவரமாக நடக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர் ஆகியோரை வைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடித்தார்கள். எந்தக் குடும்பம் எந்தச் சொரூபத்தைக் கொடுத்ததோ அது திருப்பி எடுத்துப்போகலாம் என்றும் அனுமதி. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். எங்கள் கோவில்கள் எவ்வளவு வெளிச்சமாக இருக்கின்றன, சுவர்கள் எவ்வளவு வெண்மை என்று ஸ்விங்லி மகிழ்ந்துபோனார். இன்னொருவருக்கு அதே சுவர் வெறுமையாகப் பட்டிருக்கலாம்.

வெறுமை என்றதும் இசை. லூட், ஹார்ப், வயலின் வகை, குழல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவர் ஸ்விங்லி. எதிரிகள் அவரைக் குழலூதி என்றே கேலி செய்தார்கள். ஆனால் ஆராதனையில் இசைக்கு வேதக் கட்டளை இல்லை என்று அதை நிறுத்தியவரும் அவரே. 1527ல் குரோஸ்மியூன்ஸ்டரின் ஆர்கனை உடைத்துப் பிரித்தார்கள். 1598 வரைக்கும் சூரிச் சபைகளில் பாட்டு கிடையாது. வீட்டில் பிள்ளைகளுக்குத் தாலாட்டு வாசித்துவிட்டு, கோவிலில் மௌனத்தைக் கட்டளையிட்ட இந்த மனிதரை எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை.

பிள்ளைகள் என்றேன், ஆம், திருமணமும் ஆகியிருந்தது. அன்னா ரைன்ஹார்ட், மூன்று பிள்ளைகளுள்ள கைம்பெண். 1522லேயே ரகசியமாக மணந்து, 1524ல் ஊரறியச் செய்தார்.

மடங்களை மூடிய பணம் எங்கே போனது என்று கேட்பீர்கள். 1525 ஜனவரியில் ஏழைகளுக்கான சட்டம் வந்தது. டொமினிக்கன் மடத்தின் அடுக்களையில் தினமும் காலையில் பெரிய பானையில் கூழ் காய்ச்சி வறியவர்களுக்கு ஊற்றினார்கள். தெருவில் பிச்சை எடுக்கத் தடை. அந்த ஆண்டு பெரிய வியாழன் அன்று திருப்பலிக்குப் பதில் முதல் திருவிருந்து. தங்கப் பாத்திரம் இல்லை, மரத் தட்டும் மரக் கிண்ணமும். ரொட்டி மக்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்தது. நம்மூர்ச் சில சபைகளில் இன்றும் தட்டை வரிசையாகக் கைமாற்றி உட்கார்ந்தபடியே அப்பம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த அப்பம் என்ன என்பதில்தான் லூதரோடு முறிவு. 1529 அக்டோபரில் ஹெஸ்ஸே பிரபு பிலிப், இருவரையும் மார்பர்க் கோட்டையில் உட்காரவைத்தார். லூதர் சுண்ணக்கட்டியால் மேசைமேல், அப்பத்தைக் கொடுத்து இயேசு சொன்ன ஒரு வரியை லத்தீனில் எழுதி, மேலே துணியை மூடிவைத்தார்: "இது என் உடல்." தேவைப்பட்டபோது துணியை விலக்கிக் காட்டினார். அதன் லத்தீனில் 'எஸ்ட்', அதாவது 'இருக்கிறது', என்ற வினைச்சொல் உண்டு. ஆகவே அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறது என்பது லூதர். அந்தச் சொல்லுக்குக் 'குறிக்கிறது' என்று பொருள். நானே திராட்சச்செடி என்று சொன்னவர் செடியாகிவிடவில்லையே என்பது ஸ்விங்லி.

தமிழில் இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை தோன்றும். 'இது என் உடல்' என்பதில் நமக்கு வினைச்சொல்லே வேண்டாம். இயேசு பேசிய அரமேயத்திலும் அப்படித்தான், அது இல்லாமலே வாக்கியம் நிற்கும். நம் பழைய புரோட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று இழுத்து எழுதியிருப்பது கிரேக்க மூலத்தில் உள்ள வினையை விடக்கூடாது என்பதற்காகத்தான். மூலப் பேச்சில் இருந்திருக்கவே தேவையில்லாத ஒரு சொல்லுக்காக ஐரோப்பியப் புரோட்டஸ்டன்ட் உலகம் இரண்டாயிற்று. 15 விஷயங்களில் 14ல் ஒத்துப்போனார்கள், கடைசி ஒன்றின் ஒரு பகுதியில் மட்டும் இல்லை. பிரியும்போது ஸ்விங்லி கண்கலங்கினார். உங்கள் ஆவி வேறு என்று சொல்லிவிட்டார் லூதர்.

இதற்குள் சூரிச்சில் ஒரு கறை படிந்திருந்தது. வேதம் மட்டுமே என்றால் குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் எங்கே என்று கேட்டார்கள் ஸ்விங்லியின் சொந்த மாணாக்கர்கள், கொன்ராட் கிரேபலும் ஃபீலிக்ஸ் மான்ஸும். சாசேஜுக்கு அவர் பயன்படுத்திய அதே வாதம். நகரமன்றம் முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. சபைக் காரியத்தில் மன்றத்துக்கு என்ன வேலை என்றார்கள். 1525 ஜனவரி 21 இரவு ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இப்படி மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று மன்றம் அடுத்த ஆண்டு சட்டம் போட்டது. 1527 ஜனவரி 5, மான்ஸைப் படகில் ஏற்றினார்கள். கட்டிய கைகளை முழங்காலுக்குக் கீழே இறக்கி, இடையில் ஒரு கோலைச் செருகி, லிம்மாட் ஆற்றின் பனிக்காலத் தண்ணீரில் தள்ளினார்கள். கரையில் நின்ற அவன் தாய், விசுவாசத்தில் உறுதியாக இரு என்று கத்திக்கொண்டிருந்தாள். தீர்ப்பு மன்றத்துடையது, ஸ்விங்லி தடுக்கவில்லை. காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்திலேயே அது தவறு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தண்ணீருக்குள் போனவர்களே அவர்கள்தான்.

இனிப் போர்க்களம். சுவிஸ் கூட்டமைப்பில் அப்போது 13 மாநிலங்கள். 1521ல் பிரெஞ்சு மன்னனோடு கூலிப்படை ஒப்பந்தத்தில் பன்னிரண்டும் கையெழுத்திட, ஸ்விங்லியின் பிரசங்கத்தால் சூரிச் மட்டும் மறுத்தது. லுசேர்ன், ஊரி, ஷ்விட்ஸ், உன்டர்வால்டன், ஸுக் என்ற ஐந்து மலை மாநிலங்களுக்குக் கூலிப்படைதான் சோறு. ஆகவே ஸ்விங்லியின் மதம் அவர்களுக்கு வெறும் மதமாகத் தெரியவில்லை, வயிற்றில் அடிப்பதாகத் தெரிந்தது. பழைய விசுவாசத்தில் அவர்களுக்கு இருந்த பற்றும் உண்மை.

1529 ஜூனில் இரு படைகளும் கப்பல் என்ற ஊரில் எதிரெதிரே நின்றன. (கப்பல் என்றதும் நமக்குக் கடல் நினைவுக்கு வரும், இது சூரிச்சுக்குத் தெற்கே புல்வெளியும் மடமும் உள்ள மலையோர ஊர்.) கிளாருஸ் ஊர்த்தலைவர் ஒருவர் சமரசம் பேசிக்கொண்டிருக்கையில் படைவீரர்கள் வேறு காரியம் செய்தார்கள். ஒரு பக்கம் பால் இருந்தது, ரொட்டி இல்லை; மறுபக்கம் ரொட்டி இருந்தது. எல்லைக்கோட்டில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்துப் பாலை ஊற்றி ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சேர்ந்து சாப்பிட்டார்கள். எதிராளியின் கரண்டி பாதிக்கு மேல் வந்தால், உன் மண்ணில் தின்னு என்று சிரித்தார்களாம். பால்சூப்புக் கதை என்று சுவிஸ் பள்ளிப்பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அன்று அந்தச் சமாதானத்தை விரும்பாதவர் ஸ்விங்லி. இப்போது முடிக்காவிட்டால் பின்னால் அழுவோம் என்றார்.

1531ல் சூரிச்சும் பெர்னும் ஐந்து மாநிலங்களுக்கும் தானியம், உப்பு போகும் வழியை அடைத்தன. முடிவெடுத்ததில் பெர்னின் கை ஓங்கியிருந்தது. இந்த அரைகுறை வேலை ஸ்விங்லிக்குப் பிடிக்கவில்லை, பசித்தவன் சும்மா இருக்கமாட்டான் என்று தெரிந்தவர். ஜூலையில் பதவியை விடுகிறேன் என்றுகூடச் சொன்னார், மன்றம் சமாதானப்படுத்தியது. அக்டோபரில் பசித்தவர்கள் வந்தார்கள், ஏழாயிரம் பேர். சூரிச் கடைசி நேரத்தில்தான் விழித்துக்கொண்டது. கிடைத்த ஆட்கள் கனத்த ஆயுதங்களோடு அல்பிஸ் மலையேறி, மூச்சிரைக்கத் துண்டுதுண்டாக வந்து சேர்ந்தார்கள்; எதிரிகளில் பாதிகூட இல்லை. நகரத்துக் கொடி போருக்குப் போனால் தலைமைப் போதகரும் கூடப் போவது வழக்கம். கிளாருஸில் பழகிய வழக்கம்தான் அது. வாளும் தலைக்கவசமும் அதற்காகத்தான்.

அக்டோபர் 11 பிற்பகலில் தொடங்கிய சண்டை இருட்டுவதற்குள் முடிந்தது. சூரிச் தரப்பில் சுமார் 500 பேர் செத்தார்கள், அவர்களில் இருபதுக்கும் மேற்பட்ட போதகர்கள். ஸ்விங்லி அடிபட்டு மரத்தடியில் கிடந்தார். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்கிறாயா என்று எதிரிகள் கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தாராம். யாரென்று தெரியாமலேயே உன்டர்வால்டன் தலைவன் ஒருவன் குத்திக் கொன்றான். மறுநாள் அடையாளம் தெரிந்ததும் உடலை நான்காக வெட்டி எரித்தார்கள். வயது 47.

அன்னா ரைன்ஹார்டுக்கு அந்த ஒரே மாலையில் கணவர், முதல் திருமணத்து மகன், உடன்பிறந்தவர், மருமகன், சகோதரியின் கணவர் எல்லாரும் போனார்கள். பின்னால் வந்த போதகர் ஹைன்ரிச் புல்லிங்கர்தான் அவரையும் பிள்ளைகளையும் தன் வீட்டோடு சேர்த்துக்கொண்டார். 27 வயது புல்லிங்கரை டிசம்பரில் நியமித்தபோது நகரமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: போதகர்கள் இனி அரசியலில் தலையிடக் கூடாது. வேதத்தில் உள்ளதைப் பேச மட்டும் வாயைக் கட்டாதீர்கள் என்று பேரம் பேசி அவர் ஒப்புக்கொண்டார், 44 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார்.

ஸ்விங்லியுடையது என்று சொல்லப்படும் அந்த வாளும் தலைக்கவசமும் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் லுசேர்ன்காரர்களிடம் வெற்றிப்பொருளாக இருந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் சூரிச்சுக்குத் திரும்பின. இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆற்றோரத்தில் அவருக்கு 1885ல் வைத்த சிலையின் கையிலும் வேதத்தோடு வாள் உண்டு. அதே ஆற்றின் கரையில் மான்ஸுக்கும் அவரைப் போல மூழ்கடிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதை வைத்தது 2004ல்.